அடைச்சு வெச்சா குடி நின்னுருங்களா? பல்லடம் பக்கம், அவசரம்

பல்லடத்துப் பொண்ணு | ஞாயிறு, இரவு 9:50

எல்லாருக்கும் வணக்கமுங்க. என்ற வூட்டுக்காரருக்கு 41 வயசு. தறி ஓட்டறாரு. பதினஞ்சு வருசக் குடி. இப்ப ஒரு வருசமா தெனமும் மூணு குவாட்டர். வெடியால எந்திரிச்சா கை நடுக்கம் நிக்கறதுக்கே சந்துக்கடைல ஒரு கட்டிங் வேணும். வெள்ளிக்கிழமை ராத்திரி மாமனாரும் கொழுந்தனாரும் சேர்ந்து தோட்டத்துச் சாளை வூட்ல வெச்சுப் பூட்டிட்டாங்க. அஞ்சு நாள் அடைச்சு வெச்சா ஒடம்புல இருக்கறது பூராவும் எறங்கிரும், அப்பறம் தொடமாட்டான்னு மாமா சொல்றாரு. சோறு தண்ணி ஜன்னல் வழியாக் குடுக்கறோம்.

நேத்து பூராவும் வேர்த்து ஊத்துச்சு, வாந்தி. இன்னிக்குச் சாயங்காலத்துல இருந்து ஒண்ணும் எறங்கல. சொவத்துல எறும்பு ஊருதுன்னு துண்டால தட்டிக்கிட்டே இருக்காரு. அங்க எறும்பே இல்லீங்க. பையனப் பார்த்து, செத்துப்போன எங்க மாமியாரக் கூப்பிடற மாதிரி "அம்மா, அம்மா"ங்கறாரு. சரக்கு எறங்கறப்ப இப்படித்தான் இருக்கும், கதவத் தொறக்காதேங்கறாங்க. எனக்கு நெம்பப் பயமா இருக்குது. எத்தன நாள்ல அடங்குமுங்க?

ராத்திரி டூட்டி நர்ஸ் | ஞாயிறு, இரவு 10:04

தங்கச்சி, கதவை இப்பவே திறங்க. 108 கூப்பிடுங்க. கூப்பிட்டுட்டு வந்து மீதியைப் படிங்க.

நான் அரசு ஆஸ்பத்திரியில 19 வருசமா நர்ஸ். நீங்க சொல்றதுக்கு எங்க பாஷையில டெலிரியம் ட்ரெமென்ஸ்னு பேரு. தினமும் நிறையக் குடிச்சவங்க திடீர்னு நிறுத்தினா ரெண்டாவது நாளுக்கும் நாலாவது நாளுக்கும் நடுவுல வரும். இல்லாதது கண்ணுக்குத் தெரியும், ஆள் அடையாளம் தப்பும், காய்ச்சல் அடிக்கும், நாடி துடிப்பு எகிறும். கவனிக்காம விட்டா உயிர் போகும். இதுக்கு நடுவுல ஃபிட்ஸ் வந்து பூட்டின ரூமுக்குள்ள விழுந்தா யாருக்கும் தெரியாது.

வண்டி வர்ற வரைக்கும் தனியா விடாதீங்க. லைட்டை அணைக்காதீங்க. அரிவாள், மம்முட்டி எல்லாத்தையும் அக்கட்டால எடுத்துருங்க. கையைக் காலைக் கட்ட வேண்டாம். நினைவு சரியில்லாதப்ப வாயில எதையும் ஊத்தாதீங்க. ஃபிட்ஸ் வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, கையில இரும்பு கொடுக்க வேண்டாம்.

ஆஸ்பத்திரியில "காய்ச்சல்"னு மட்டும் சொல்லிச் சேர்க்காதீங்க. கடைசியா எப்பக் குடிச்சார், தினமும் எவ்வளவு, இந்த ரெண்டையும் முதல்ல சொல்லுங்க. குடிக்கிறவங்களுக்கு உடம்புல வைட்டமின் பி1 வத்திப் போயிருக்கும். குளுக்கோஸ் ஏத்தறதுக்கு முன்னால பி1 ஊசி போடணும். இல்லைன்னா மூளை பாதிக்கும். மானம் போகுதுன்னு குடியை மறைச்சு, அதனால வைத்தியம் தடம் மாறினதை நான் பார்த்திருக்கேன்.

சோமனூர் தறிக்காரர் | ஞாயிறு, இரவு 10:11

அம்மிணி, மாமனாரு தொறக்க விடலீன்னா சிஸ்டர் எழுதுனத அவருகிட்டச் சத்தமாப் படிச்சுக் காட்டு. நானும் ஒரு காலத்துல இதே மாதிரி ரூமுக்குள்ள இருந்தவன். போயிச் சேர்ந்ததும் ஒரு வரி போடு கண்ணு, நான் முழிச்சுட்டுத்தான் இருப்பேன்.

பல்லடத்துப் பொண்ணு | ஞாயிறு, இரவு 10:26

கொழுந்தனாரு பூட்ட ஒடச்சுட்டாருங்க. வண்டி காரணம்பேட்டை தாண்டிருச்சாம்.

காங்கேயம் பண்ணையம் | திங்கள், காலை 6:40

ராத்திரி பூராவும் படிச்சேன். அந்தப் பொண்ணு வூட்டுக்காரரு நல்லா வரட்டும். ஆனா ஒண்ணு சொல்லோணும். குடிய நோவு நோவுன்னு சொல்றது குடிக்கறவனுக்குத் தப்பிக்க ஒரு வழி. என்ற அப்பாரு முப்பது வருசம் கள்ளு குடிச்சவரு. பேத்தி பொறந்த அன்னிக்கு "இனி இல்லை"ன்னாரு, சாகற வரைக்கும் தொடல. எந்த ஆஸ்பத்திரிக்கும் போகல. மனசுல உறுதி இருந்தாப் போதும். அது இல்லாதவனுக்கு எத்தன ஊசி போட்டு என்ன? மொதல்ல கடைய மூடோணும். பாதிப் பேரு தானா நிறுத்திருவான்.

சோமனூர் தறிக்காரர் | திங்கள், காலை 7:15

அண்ணா, உங்க அப்பாரப் பத்தித் தப்பாச் சொல்லல. அவருக்கு வெடியால கை நடுங்குச்சுங்களா? கடை தொறக்கலீன்னா வேர்த்துதுங்களா? குடிக்கறவன் எல்லாருமே ஒரே எடத்துல நிக்கறதில்லீங்க. பழக்கத்துல இருக்கறவனால நிறுத்த முடியும். அதத் தாண்டுனவனுக்கு உறுதி பத்தாது. எனக்கு உறுதி இல்லைன்னா நெனைக்கறீங்க? பொண்ணு தலைமேல கை வெச்சுச் சத்தியம் பண்ணேன். அன்னிக்கு நான் சொன்னது பொய்யில்லீங்க, மனசாரச் சொன்னேன். அடுத்த நாள் சாயங்காலம் கால் தானா நடந்துச்சு.

நோவுன்னு சொல்றதுனால பொறுப்பு போயிராது. சர்க்கரை வந்தது என்ற தப்பில்ல. மாத்திரை போடாமத் திரிஞ்சா அது என்ற தப்பு. அவ்வளவுதான் கணக்கு.

ராத்திரி டூட்டி நர்ஸ் | திங்கள், காலை 8:02

டூட்டி முடிஞ்சு வந்து எழுதறேன். உறுதி ஏன் பத்தறதில்லைன்னு லாரிக்காரங்களுக்கு நான் சொல்ற மாதிரியே சொல்றேன்.

திம்பம் மலைப்பாதையில 27 கொண்டை ஊசி வளைவு இருக்கு. சரக்கு ஏத்தின லாரி பிரேக் இல்லாம அதுல இறங்க முடியாது. மூளைக்குச் சாராயம் ஒரு பிரேக். நரம்பை அமத்தி வைக்கும். தினமும் அந்த பிரேக் அழுந்திக்கிட்டே இருந்தா வண்டி நகரணுமேன்னு மூளை தன் பங்குக்கு ஆக்ஸிலேட்டரை அமுக்கப் பழகிக்கும். வருசக்கணக்கா ரெண்டும் சேர்ந்து ஓடுது. ஒரு ராத்திரியில பிரேக்கை மட்டும் பிடுங்கிட்டா? அந்த வேகம்தான் நடுக்கம், வேர்வை, ஃபிட்ஸ், எறும்பு எல்லாம். ஆஸ்பத்திரியில கொடுக்கற தூக்க மருந்து வேற ஒரு பிரேக். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு அஞ்சு, ஏழு நாள்ல வண்டியைத் தரைக்குக் கொண்டு வர்றோம்.

இது உடம்பு விசயம், ஒரு வாரத்துல முடிஞ்சிரும். ஆசை வேற. கறி வாசம், சனிக்கிழமை சம்பளக் கவர், பழைய கூட்டாளியோட வண்டிச் சத்தம், இதையெல்லாம் பார்த்தா அடுத்து என்ன வரும்னு மூளை எழுதி வெச்சிருக்கு. குடி நின்னு மாசக்கணக்கான பிறகும் அந்த எழுத்து அழியறதில்லை. ஒரு வாரத்து வைத்தியத்தை வருசக்கணக்கு வைத்தியம்னு நினைக்கறதாலதான் குடும்பங்கள் ஏமாந்து போறாங்க.

இன்னொண்ணு. எய்ம்ஸ் மூலமா நாடு முழுக்க எடுத்த கணக்கெடுப்பு 2019ல வந்துச்சு. குடிக்கு அடிமையானவங்கள்ல 38 பேருக்கு ஒருத்தர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைச்சதாச் சொல்லியிருக்காங்க. உள்நோயாளியாச் சேர்ந்தவங்க 180ல ஒருத்தர். மீதிப் பேர் வீட்டுலயும் சாளையிலயும்தான் இருக்காங்க.

சேலத்து வாசகன் | திங்கள், பகல் 1:30

காங்கேயத்து ஐயா கடையை மூடச் சொன்னதால் இதை எழுதுகிறேன். இந்த விவாதம் நம் மண்ணுக்குப் புதிதல்ல. 1921இல் கள்ளுக்கடை மறியலின்போது பெரியார் சேலம் தாதம்பட்டியில் இருந்த தன் தோப்பில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தென்னைகளை வெட்டிச் சாய்த்தார். ஈரோட்டில் அவர் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் கடைமுன் நின்றார்கள். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்துப் புதுப்பாளையம் ஆசிரமத்திலிருந்து ராஜாஜி மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்று ஒரு பத்திரிகை நடத்தினார். அவர் முதலமைச்சரானதும் மாகாணத்திலேயே முதன்முதலாக மதுவிலக்கு வந்தது எங்கள் சேலம் மாவட்டத்தில்தான், 1937 அக்டோபர் 1. போன வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. 1971இல் மதுவிலக்கு தளர்ந்தது. 2003 நவம்பரிலிருந்து சில்லறை விற்பனையை அரசே டாஸ்மாக் வழியாக நடத்துகிறது.

கடை குறைந்தால் புதிதாகக் குடிக்க வருபவர்கள் குறைவார்கள். அதற்காகப் போராடத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் நூறு வருடமாகக் கடையைப் பற்றிப் பேசிய அளவுக்கு, ஏற்கெனவே குடிநோயில் விழுந்தவனை எங்கே படுக்க வைப்பது, எழுந்தபின் அவன் எங்கே போவான் என்று நாம் பேசவில்லை.

திருச்செங்கோடு ரிக் | திங்கள், இரவு 9:12

கடைய மூடுனா என்ன ஆகும்னு எனக்குத் தெரியுமுங்க. 2020 லாக்டவுன்ல மூடுனாங்கல்ல. நான் போர்வெல் வண்டில ஆளா ஓடறவன். வண்டி நின்னுபோச்சு, கடையும் மூடியாச்சு. மொத ஒரு வாரம் செத்தேன், அப்பறம் பழகிருச்சு. நாப்பது நாளுக்கு மேல ஒரு சொட்டு இல்ல. மூஞ்சி தெளிஞ்சு, சோறு நல்லா எறங்கி, அம்மா கண்ணு பட்டுரும்னு சுத்திப் போட்டாங்க. மே 7 கடை தொறந்தாங்க. காலைல எட்டு மணிக்கே கட்டம் போட்ட எடத்துல கொடையோட நின்னேன். அந்த நாப்பது நாளும் நான் நிறுத்தி இருக்கல, காத்துட்டு இருந்திருக்கேன். வரிசைல நிக்கறப்பத்தான் எனக்கே அது தெரிஞ்சுது.

இப்ப அஞ்சு மாசமாக் குடிக்கல. இது வேற மாதிரி இருக்குது. எப்படின்னு சொல்லத் தெரியல.

பல்லடத்துப் பொண்ணு | புதன், மாலை 4:40

எல்லாருக்கும் நன்றிங்க. உசிரோட இருக்காரு. பல்லடத்துல பாத்துட்டு அன்னிக்கு ராத்திரியே கோயமுத்தூருக்கு அனுப்பிட்டாங்க. வழில ஒரு தடவ ஃபிட்ஸ் வந்துச்சு. நேத்து ராத்திரிதான் என்னை அடையாளம் தெரிஞ்சுது. பி1 ஊசி போட்டுக்கிட்டு இருக்காங்க. இன்னும் ஒரு மணி நேரம் பொறுத்திருந்தா சிக்கல்னு டாக்டரம்மா மாமாகிட்டச் சொன்னாங்க. மாமா வெளிய போயி வேப்ப மரத்தடில உக்காந்துக்கிட்டாரு. யாரோடவும் பேசல.

என்ற கேள்வி வேற. இது நாலாவது தடவைங்க. மூணு தடவ நிறுத்திப் பாத்தாச்சு. மொதல்ல பழனிக்கு மாலை போட்டாரு, 48 நாள் சுத்தபத்தமா இருந்தாரு. தைப்பூசம் முடிஞ்சு மாலையக் கழட்டுன அன்னிக்கு ராத்திரியே ஆரம்பிச்சுட்டாரு. அப்பறம் ஒரு மையத்துல மூணு மாசம் சேர்த்தோம். வட்டிக்கு வாங்கிக் கட்டுனோம். அங்க பைப்புல அடிச்சிருக்காங்க, ஜன்னல் கம்பில சங்கிலி போட்டுக் கட்டியிருக்காங்க. வெளிய வந்தவரு மூணு நாள் யாரு மூஞ்சியும் பாக்கல, நாலாவது நாள் குடிச்சுட்டு வந்தாரு. மூணாவது நான் செஞ்ச தப்பு. தெரிஞ்சவங்க ஒரு மாத்திரை குடுத்தாங்க, தெரியாமப் பொடி பண்ணி ரசத்துல கலந்துரு, குடிச்சா வாந்தி எடுத்து வெறுத்துருவாருன்னாங்க. கலந்தேன். அன்னிக்குக் குடிச்சுட்டு வந்து மூஞ்சி பூராவும் செவந்து, மூச்சு வாங்கி, வாசல்லயே மயங்கி விழுந்துட்டாரு. அதுல இருந்து என்ற கைல சாப்பிடறப்ப ஒரு பார்வை பாத்துட்டுத்தான் சாப்பிடுவாரு.

நாலாவது தடவைல என்ன புதுசா நடந்துரப் போவுது? ஊருக்குள்ள கேக்கறாங்க. எனக்கும் அதே நெனப்புத்தான்.

ராத்திரி டூட்டி நர்ஸ் | புதன், இரவு 7:55

தங்கச்சி, அந்த மாத்திரை டைசல்ஃபிராமா இருக்கும். குடியை நிறுத்த இது உதவும்னு 1940கள்ல டென்மார்க்குல கண்டுபிடிச்சாங்க. நல்ல மருந்துதான். அது உடம்புல இருக்கறப்பக் குடிச்சா, சாராயம் பாதியில உடைஞ்சு ஒரு விஷப்பொருளா நின்னுரும். மூஞ்சி சிவக்கறது, வாந்தி, ரத்த அழுத்தம் விழறது எல்லாம் அதனாலதான். விவரம் தெரிஞ்சு, சம்மதிச்சு, வீட்டுல ஒருத்தர் முன்னால தினமும் போட்டுக்கறவங்களுக்குத்தான் அது உதவும். தெரியாமக் கொடுத்தா இதயம் நின்னுரலாம். பஸ் ஸ்டாண்டு சுவத்துல "குடிப்பவருக்குத் தெரியாமல் கொடுக்கலாம்"னு ஒட்டியிருக்கறதைப் பார்க்கறப்பெல்லாம் எனக்கு வயிறு எரியும். நீங்க பயத்துல செஞ்சீங்க. ஆனா இதை டாக்டர்கிட்டச் சொல்லுங்க. அவர்கிட்டயும் ஒரு நாள் உங்க வாயாலயே சொல்லுங்க.

ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்பரோசேட்னு வேற மருந்துகளும் இருக்கு. ஈரல், கிட்னி சோதனை பார்த்து மனநல மருத்துவர் எழுதுவார். நீங்களா கடையில வாங்கற மருந்து இல்லை.

அந்த மையத்தைப் பத்தி: 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்துல குடி, போதையால வர்ற மனநலக் கோளாறும் அடக்கம். எந்த வகையிலயும் சங்கிலி போட்டுக் கட்டக் கூடாதுன்னு அதுல தெளிவா இருக்கு. மையம்னா மாநில மனநல ஆணையத்துல பதிவு பண்ணியிருக்கணும். இனி எங்கே போனாலும் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்க, மனநல மருத்துவர் வாரத்துல எத்தனை நாள் வர்றார்னு கேளுங்க. குடும்பத்தைப் பார்க்கவே விடமாட்டோம்னு சொன்னா எழுந்து வந்துருங்க. நடந்ததுக்குத் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்துல மனு கொடுக்கலாம். அடிச்சா குடி நிக்கும்னா போலீஸ் ஸ்டேஷன் போயிட்டு வந்த எல்லாரும் நிறுத்தியிருக்கணுமே.

சோமனூர் தறிக்காரர் | புதன், இரவு 9:30

நாலாவது தடவைல என்ன புதுசுன்னு கேட்டியே அம்மிணி. நான் ஆறாவது தடவைல நின்னவன். அப்பறம் 11 வருசம் ஆச்சு. அந்த அஞ்சு தடவையும் எதுக்கு விழுந்தேன்னு ஒரு நாள் நோட்டுல எழுதிப் பாத்தேன். அஞ்சும் ஒரே நேரம். சாயங்காலம் அஞ்சரைல இருந்து எட்டு வரைக்கும். அதுல நாலு, சனிக்கிழமை. சம்பளம் கைக்கு வர்ற நேரம்.

குடி நின்னா அந்த ரெண்டரை மணி நேரம் சும்மா கெடக்குது. அத யாரும் பாக்கறதில்ல. பதினஞ்சு வருசமா ஒரு மனுசன் அந்த நேரத்துல எங்க போவாரு, யாரோட உக்காருவாரு, எதுக்குச் சிரிப்பாருங்கறது எல்லாம் ஒரே எடத்துல இருந்துச்சு. அதப் புடுங்கிட்டு, நல்லபடியா வூட்ல உக்காருன்னு சொல்றோம். வூட்ல உக்காந்தா கடன்காரன் போன் அடிப்பான், பொண்டாட்டி பழசச் சொல்லுவா. சொல்றது ஞாயம்தான். ஆனா அவனுக்கு அந்தச் சுமையத் தாங்கப் பழக்கம் இல்ல, குடிச்சே ஓட்டிட்டான்.

நான் ரெண்டு எருமை வாங்கிக் கட்டுனேன். சிரிக்காதீங்க, அதுதான் என்னைக் காப்பாத்துச்சு. அஞ்சு மணிக்குக் கறக்கோணும், ஆறுக்குள்ள சொசைட்டில ஊத்தோணும். எருமைக்குச் சனிக்கிழமையும் கெடையாது, கெடாவெட்டும் கெடையாது. ஊத்திட்டு அங்கிருந்து நேரா ஏஏ கூட்டம், ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்னு குடிய விடறவங்க ஒண்ணு சேர்ற கூட்டம். 1935ல அமெரிக்காவுல அக்ரான்ங்கற ஊர்ல ரெண்டு குடிகாரங்க ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கிட்டே குடிக்காம இருந்துட்டாங்க, அதுல இருந்து வந்தது. காசு கெடையாது, பேரு ஊரு கேக்க மாட்டாங்க, சாதி கேக்க மாட்டாங்க. "இன்னிக்கு ஒரு நாள் மட்டும் குடிக்க மாட்டேன்", அவ்வளவுதான். மொத நாள் நான் கடைசி பெஞ்சுல உக்காந்து, பேசறவன் பூராவும் பொய் சொல்றான்னு நெனச்சேன். அப்பறம் ஒருத்தரு, பொண்ணு சீருக்கு வெச்சிருந்த பணத்தக் குடிச்சத அப்படியே சொன்னாரு. நானும் அதச் செஞ்சவன். ஒரு எடத்துலயும் சொல்லாதது. அன்னிக்குத்தான் நெஞ்சுல இருந்து ஒரு கல்லு நகுந்துச்சு.

எல்லாருக்கும் ஏஏ ஒத்துக்கும்னு சொல்லமாட்டேன். சிலருக்கு டாக்டரும் மாத்திரையும் போதும். சிலருக்குக் கோயில் போதும். ஆனா தனியா உக்காந்து பல்லக் கடிச்சு நின்னவன நான் பாத்ததில்ல. மாலை போட்ட 48 நாள் ஏன் நின்னுது? சாமி பாதி. மீதி, வெடியாலயும் சாயங்காலமும் குளிச்சு, கூட்டமாப் பஜனை பாடி, எல்லாரும் "சாமி"ன்னு மரியாதையாக் கூப்பிட்டாங்களே, அது. கழட்டுன அன்னிக்கு அது அத்தனையும் ஒட்டுக்காப் போயிருச்சு.

காங்கேயம் பண்ணையம் | புதன், இரவு 11:48

சிஸ்டர், ஒரு சந்தேகம். அந்த ஃபிட்ஸ் வந்து விழுந்து செத்தா, பாக்கறவங்களுக்கு மாரடைப்பு மாதிரித் தெரியுமா?

ராத்திரி டூட்டி நர்ஸ் | வியாழன், அதிகாலை 3:20

தெரியலாம் அண்ணா. யாரும் பக்கத்துல இல்லாம, காலையில பார்க்கறப்ப உயிர் போயிருந்தா, வெளியே பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது. ஏன் கேக்கறீங்க?

காங்கேயம் பண்ணையம் | வியாழன், காலை 5:55

என்ற தம்பி. ஒம்பது வருசம் ஆச்சு. சாளைல வெச்சுப் பூட்டுனோம். மூணாவது நாள் வெடியால பால் கறக்கப் போனவன் எட்டிப் பாத்தான். சாவி என்கிட்டத்தான் இருந்துச்சு. மாரடைப்புன்னு சொல்லி எடுத்துட்டோம்.

உறுதி இல்லாதவன்னு அவன நான் நெம்பப் பேசிட்டேன்.

சோமனூர் தறிக்காரர் | வியாழன், காலை 6:10

அண்ணா, உங்க நம்பரத் தனிச் செய்தில போடுங்க. இப்பவே பேசலாம்.

கோபி மருமக | வியாழன், காலை 11:05

இங்க எல்லாரும் அவரப் பத்தியே பேசறோம், பல்லடத்துத் தங்கச்சியப் பத்தி யாரும் பேசல. நான் பேசறேன்.

எனக்குக் கல்யாணமாகிப் பல வருசம். வாந்தியக் கழுவுனேன், முதலாளிகிட்ட "அவருக்குக் காய்ச்சல்"னு போன் பண்ணேன், கடன அடைச்சேன், ஒறம்பரைக்கு முன்னால சிரிச்சேன். ஒவ்வொண்ணும் அன்புன்னு நெனச்சேன். குடும்பத்துக்காரங்களுக்குன்னு அல்-அனான்னு ஒரு கூட்டம் இருக்குது. அங்க மூணு விசயம் சொன்னாங்க: இந்தக் குடிக்கு நீ காரணமில்ல, உன்னால அதக் கட்டுப்படுத்த முடியாது, உன்னால அதக் குணமாக்கவும் முடியாது. மொத வாரம் அழுதேன். ரெண்டாவது வாரம் முதலாளிக்குப் போன் பண்றத நிறுத்துனேன். குவாட்டருக்குக் காசு குடுக்கறதையும் நிறுத்துனேன். ஒரு நாள் பொண்ணு மேல கை வெச்சாரு. அன்னிக்கே கெளம்பி அம்மா வூட்டுக்கு வந்துட்டேன். அடி விழுந்தா 181 பெண்கள் உதவி எண், ராத்திரிலயும் எடுப்பாங்க.

அவரு பின்னால குணமானாரா இல்லையாங்கறத நான் இங்க எழுதமாட்டேன். அது தெரிஞ்சா நான் வந்தது சரியா தப்பான்னு கணக்குப் போடுவீங்க. ரெண்டுல எது நடந்திருந்தாலும் நான் வந்தது சரிதான்.

தங்கச்சி, நீ இருக்கறதா இருந்தா இரு. ஆனா பையன ஜன்னல் வழியா அப்பனுக்குச் சோறு குடுக்க அனுப்பாத. ஒம்பதாவது படிக்கற வயசுல பாக்கற காட்சி இல்ல அது. பள்ளிக்கூடத்துலயோ டெலிமானஸ்ங்கற மனநல உதவி எண் 14416லயோ அவனப் பேச வெய்யி. போதை மறுவாழ்வுக்குன்னு 14446 தனியா இருக்குது. ரெண்டும் இலவசம்.

பல்லடத்துப் பொண்ணு | வியாழன், இரவு 8:30

அக்கா, பையன் ஒம்பதாவதுன்னு நான் இங்க எழுதவே இல்லையே, எப்படிச் சரியாச் சொன்னீங்க! என்ற மகன் ஒம்பதாவதுதான். அவன்கிட்ட இன்னிக்குத்தான் உக்காந்து பேசுனேன். "அப்பாவ அடைச்சு வெச்சப்ப எனக்கு நிம்மதியா இருந்துச்சும்மா, அது தப்பா?"ன்னு கேக்கறான். என்ன சொல்றதுன்னு தெரியாம நாளைக்கு டெலிமானஸ்ல கேக்கலாம்னு சொல்லி வெச்சிருக்கேன்.

கோபி மருமக | வியாழன், இரவு 8:52

என்ற பொண்ணுக்கு அப்ப ஒம்பதாவது. அவ நெனப்புலயே எழுதிட்டேன் கண்ணு.

பல்லடத்துப் பொண்ணு | 5 வாரம் கழித்து, திங்கள், இரவு 10:15

எழுதக் கூச்சமா இருக்குது. 34 நாள் நல்லா இருந்தாரு. மாத்திரை என்ற கண்ணு முன்னாலதான் போடுவாரு. ரசத்துல கலந்ததச் சொல்லிட்டேன், ஒரு நாள் பூராவும் பேசல, அடுத்த நாள் "எனக்குத் தெரியும்"னாரு. நேத்து என்ற சித்தப்பா வூட்ல மாரியம்மன் நோம்பிக்குக் கெடாவெட்டு. நான்தான் போலாம்னு சொன்னேன். போகாட்டி ஒறம்பரைல என்ன நெனப்பாங்கன்னு. பந்தலுக்குப் பின்னால மச்சான்மாரு கூப்பிட்டுப் போயிட்டாங்க. ஒரு குவாட்டர். ராத்திரி வந்து அவரே சொல்லிட்டு, திண்ணைல படுத்துக்கிட்டாரு. மாமா, "பாத்தியா, நான் சொன்னனே"ங்கறாரு. எல்லாம் போச்சுங்களா?

திருச்செங்கோடு ரிக் | திங்கள், இரவு 10:31

போகலீங்க அக்கா. இன்னிக்குக் குடிச்சாருங்களா? அத மட்டும் சொல்லுங்க.

பல்லடத்துப் பொண்ணு | திங்கள், இரவு 10:34

இல்லீங்க. வேலைக்குப் போயிட்டு வந்தாரு. கை நடுங்கல.

சோமனூர் தறிக்காரர் | திங்கள், இரவு 10:50

அம்மிணி, பாவுல ஒரு இழை அறுந்தா என்ன பண்றோம்? தறிய நிறுத்தி முடி போட்டு ஓட்டறோம். பாக்காம விட்டா பக்கத்து இழையும் சேர்ந்து அறுந்து துணி பூராவும் கோடு விழும். அறுந்தத எத்தன சீக்கிரம் பாத்தோங்கறதுதான் விசயம். முன்னால ஒரு குவாட்டர் குடிச்சா, "போனது போச்சு"ன்னு ஒரு மாசம் குடிச்சிருப்பாரு. இப்ப ஒரே ராத்திரில நிறுத்தி, தானா வந்து சொல்லியிருக்காரு. பதினஞ்சு வருசத்துல எப்பவாச்சும் தானா வந்து சொன்னதுண்டா?

மாமனாருகிட்டக் கோவப்படாத. அவருக்கும் பயம். கெடாவெட்டு, காதுகுத்து, எழவு, ஒரு வருசத்துக்கு எதுக்கும் ராத்திரித் தங்கல் வேண்டாம். மொய்ய நீ போயி எழுதிட்டு வா. ஒறம்பரை ரெண்டு மாசம் பேசும், அப்பறம் வேற வூட்டப் பேசப் போயிரும். பசி, கோவம், தனிமை, களைப்பு, இந்த நாலுல எது இருந்தாலும் அன்னிக்கு ஆள் பலவீனம். நோம்பியன்னிக்கு மத்தியானம் சாப்பிட்டாரான்னு கேளு.

ராத்திரி டூட்டி நர்ஸ் | செவ்வாய், காலை 7:40

டாக்டர்கிட்ட இந்த ஞாயித்துக்கிழமை நடந்ததைச் சொல்லணும், மறைக்காதீங்க. திட்டமாட்டாங்க. மருந்தை மாத்தலாமான்னு பார்ப்பாங்க. டைசல்ஃபிராம் கொடுத்திருந்தாங்கன்னா உடனே போங்க. நிறுத்தின பிறகும் ரெண்டு வாரம் வரைக்கும் அது உடம்புல வேலை செய்யும்.

பல்லடத்துப் பொண்ணு | செவ்வாய், இரவு 9:05

இல்லீங்க சிஸ்டர், அது இல்லைன்னு சீட்டுல பாத்தேன், வேற மாத்திரைதான். நாளைக்குப் போறோம். அண்ணா கேட்ட மாதிரியே கேட்டேன். நோம்பியன்னிக்கு வெடியால ஒரு டீ குடிச்சதோட செரி, மத்தியானம் பந்திக்கு உக்காரவே இல்லீங்களாம்.

இன்னொண்ணுங்க. மாமா இன்னிக்கு வேப்ப மரத்தடில கூப்பிட்டு, "அந்தச் சோமனூர்க்காரரு எருமைன்னாரே, மாடு பரவால்லியா"ன்னு கேட்டாரு. அவரு சினை மாட்டக் குடுக்கறேங்கறாரு.

பல்லடத்துப் பொண்ணு | 7வது வாரம், வெள்ளி, இரவு 9:20

வணக்கமுங்க. நான் அவ வூட்டுக்காரன் எழுதறேன். இதெல்லாம் இப்பத்தான் படிச்சேன். முழுசாப் படிக்க முடியல, சாளை பத்தின எடத்துல நிறுத்திட்டேன். மாடு இன்னும் கன்னு போடல. நாளைக்குச் சனிக்கிழமை, அஞ்சரைக்குச் சம்பளம். கவர நேரா அவ கைல குடுக்கச் சொல்லி மேஸ்திரிகிட்டச் சொல்லிட்டேன். சோமனூர் அண்ணா, கூட்டத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னீங்களாம். காரணம்பேட்டை நால்ரோட்டுல எங்க நிக்கட்டுமுங்க?

சோமனூர் தறிக்காரர் | வெள்ளி, இரவு 9:24

பஸ் ஸ்டாப்புல நில்லு தம்பி. கடை இருக்கற பக்கம் வேண்டாம், எதுத்த பக்கம். சொசைட்டில பால் ஊத்திட்டு ஆறே காலுக்கு வந்துருவேன். டிவிஎஸ் எக்ஸெல், பின்னால பால் கேன் கட்டியிருக்கும். காங்கேயத்துல இருந்து ஒரு அண்ணனும் வர்றாரு, பஸ்ஸுல வந்து எறங்குவாரு. அவருக்கும் எடம் தெரியாது. மத்தியானம் சாப்பிட்டுட்டு வா.